ஜன்னலோரத்து டப்பா

காரெல் நாலாவது டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சத்தம் தொடங்கிவிட்டது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கரண்டி. டங், டங், டங்.

"வரேன், வரேன்! மனுசனை ஒரு வேலையை ஒழுங்கா முடிக்க விடுறியா நீ?"

அதட்டினாரே தவிர கோபமில்லை. மூன்று மாதமாக வீட்டில் அவருக்குப் பதில் சொல்வது அந்தக் கரண்டி ஒன்றுதான். பூவாளியைச் சாய்த்து மிச்சமிருந்த டப்பாக்களுக்கும் அவசர அவசரமாக ஊற்றினார். மொத்தம் இருபத்திரண்டு பெயிண்ட் டப்பாக்கள், பின்சுவரை ஒட்டி, மனைவி ரகீல் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. ஒன்றிலாவது ஏதாவது தலைகாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஈர மண். பச்சையாக ஒரு பொட்டுக்கூட இல்லை.

எப்பிராத்தாவில் மற்ற வீடுகளின் வேலியெல்லாம் மார்ச் பூவாக இருந்தது. இலையே இல்லாமல், மொட்டைத் தண்டாக மண்ணிலிருந்து கிளம்பி, உச்சியில் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்துத் தொலைத்திருந்தது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளில்கூடப் பூத்திருந்தது. ஊரில் பாதிப் பேர் ஜனவரியிலேயே திராட்சை பறிக்க லாரி ஏறிப் போயிருந்தார்கள். தன் வீட்டில் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று காரெலுக்கு எரிச்சலாக வந்தது. அதற்காகவே போன வாரம் கோழி எரு வாங்கி டப்பாவுக்கு இரண்டு கை போட்டிருந்தார்.

டங், டங், டங், டங்.

பூவாளியும் கையுமாகவே உள்ளே போனார். மேசையிலிருந்த தம்ளரை எடுத்து, அவள் தலையைத் தூக்கி, உதட்டில் வைத்தார். ரகீல் வாயை இறுக மூடிக்கொண்டாள். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

"இதுக்குத்தானே இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கேக்குறதும் நீதான், வேணாங்குறதும் நீதான். நல்ல பொம்பளை!"

"ம்பா," என்றாள் ரகீல். "ம்பா. ம்பா."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் மிஞ்சியது இந்த ஒரு சத்தம்தான். இடது கையில் கொஞ்சம் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது அவள் கண் கலங்குவதைப் பார்த்து, காரெல் அவள் காதோரம் குனிந்து ஒரு வார்த்தை கொடுத்தார். "கவலைப்படாதே. உன் பூவையெல்லாம் நான் பாத்துக்குறேன். ஈஸ்டருக்கு ஒண்ணு குறையாது." ரகீல் அவர் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நன்றி சொல்கிறாள் என்று நினைத்தார்.

ஊரெல்லாம் ரோஸ் பூ என்றால் ரகீல் வீட்டில் மட்டும் வெள்ளை. எங்கிருந்தோ ஒரு கிழங்கு கொண்டுவந்து, நாற்பது வருடமாகப் பிரித்துப் பிரித்து நட்டுப் பெருக்கியிருந்தாள். ஈஸ்டர் விடியலில் ஊர் ஜனம் பித்தளை வாத்தியங்களோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அங்கே வைக்கிற வெள்ளைப் பூ அவள் வீட்டிலிருந்துதான் போகும். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இன்று செவ்வாய். ஞாயிறு ஈஸ்டர்.

ஜன்னல் கட்டையில் இருபத்திமூன்றாவது டப்பா இருந்தது. மற்றதைவிடச் சின்னது. அவள் கைக்கு எட்டுகிற மாதிரி, துணைக்கு இருக்கட்டும் என்று காரெல்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்.

"உனக்குத்தான் வேணாம். இதுக்காவது ஒரு வாய் ஊத்துறேன்," என்று பூவாளியைத் தூக்கினார்.

ரகீலின் இடது கை சட்டென்று நீண்டு டப்பாவின் வாயை மூடியது. தண்ணீர் அவள் புறங்கையில் விழுந்து போர்வையெல்லாம் தெறித்தது. தினமும் இதே கதைதான். காரெல் தலையில் அடித்துக்கொண்டு பூவாளியைக் கீழே வைத்தார்.

"பிடிவாதத்துல உன்னை அடிச்சுக்க ஆளில்லைடி அம்மா. பாரு, போர்வை போச்சு."

போர்வையை மாற்றினார். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைத் துடைத்துவிட்டார். எலும்பும் தோலுமாக இருந்தது கை. ரகீல் அவரையே பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். திரும்பவும் அவரை.

"வந்துடும் ரகீல். இன்னும் நாலு நாள் இருக்கே. நாளையிலேருந்து காலையிலயும் ஊத்துறேன், ரெண்டு வேளையா."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. சத்தமே வரவில்லை. காரெல் அதைத் தன் கட்டை விரலால் துடைத்தார். தன் நிலைமையை நினைத்து அழுகிறாள், பாவம் என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஒரு முறை, பிப்ரவரியில், பென்சில் கொடுத்துப் பார்த்தார். இடது கையால் அவள் கிறுக்கியது ஒன்றும் புரியவில்லை. ஒரு வட்டம், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. "என் மூஞ்சியா இது? இவ்வளவு கோரமாவா இருக்கேன்?" என்று சிரித்தார். அவள் பென்சிலை விட்டெறிந்தாள். அந்தக் காகிதத்தை அவர் பத்திரமாகப் பைபிளுக்குள் வைத்திருந்தார்.

மறுநாள் காலை காரெல் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது கரண்டி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. "எடுத்துத் தரேன், இரு," என்றார். அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாகத்தான் போனார். அதை நினைத்து நினைத்துப் பிறகு மருகினார்.

ரகீல் போய்விட்டிருந்தாள். இடது கை ஜன்னல் கட்டையில் நீண்டு டப்பாவை அணைத்துக் கிடந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கோயில் மணி அடித்தார்கள். ஊரில் மிச்சமிருந்த பெண்கள் வந்து அவளைக் கழுவி, வெள்ளை உடுத்தி, அறையைச் சுத்தம் செய்தார்கள். வியாழக்கிழமை மகள் எஸ்மே கேப்டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். வாசலிலேயே அப்பாவைக் கட்டிக்கொண்டு, "ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கலாம்ப்பா, லீவு கேட்டேன், குடுக்கலை," என்று அழுதாள். அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். அவள் அப்படித்தான். துக்கம் வந்தால் கை சும்மா இருக்காது. இரண்டு நாளில் அந்த வீட்டில் துடைக்காத கண்ணாடியில்லை, துவைக்காத திரையில்லை.

சமையலறையில் பெரிய வெள்ளிக்கான மீன் கண்ணாடித் தட்டுகளில் ஊறிக்கொண்டிருந்தது. மஞ்சளும் வினிகரும் வெங்காயமுமாக வீடு முழுக்க வாசனை. சாவு வீட்டில் சமைக்கக் கூடாதென்று பக்கத்து வீடுகளிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள்.

காரெல் மட்டும் மாலை ஐந்து மணிக்குப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். சொன்ன வார்த்தை இருக்கிறதே. எப்பிராத்தாவில் ஒரு பெண் செத்தால், பெட்டியின் மேல் முதலில் அவள் வீட்டுப் பூவைத்தான் வைப்பார்கள். மற்றவர்கள் பூ அதற்குப் பிறகுதான். சனிக்கிழமை அடக்கம். அதற்குள் ஒரே ஒரு தண்டு வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு ஊற்றினார். வியாழன் இரண்டு வேளை. வெள்ளி இரண்டு வேளை. உள்ளே யாரும் கட்டிலைத் தட்டவில்லை.

வெள்ளி மாலை திராட்சை லாரி திரும்பி வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டு பிரான்சீனா கையில் கத்தியோடு வந்துவிட்டாள். வெயிலில் கறுத்துப் போயிருந்தாள். காரெலைப் பார்த்ததும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"காரெலண்ணே, அக்காவுக்கு நான்தான் பூ வெட்டணும். வேற யாரையும் விடமாட்டேன். வெள்ளைப் பூ எங்க இருக்கு?"

"வரலை, பிரான்சீனா."

"வரலையா? என்னண்ணே சொல்றீங்க? மூணு மாசமா பூட்டிக் கிடந்த என் வீட்டுலயே கேட்டைத் திறக்க முடியலை, அவ்வளவு பூ. அக்கா கை வெச்ச டப்பாவுல வரலைன்னா யார் நம்புவா?"

அவரைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். டப்பா வரிசையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒன்றின் மண்ணுக்குள் விரலை விட்டாள். விரலை எடுத்துப் பார்த்தாள்.

"இது ஏன் இப்படிச் சகதியா இருக்கு?"

"தினமும் ஊத்துறேனே," என்றார் காரெல். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "ஒரு நாள் விட்டதில்லை. ஜுரத்துலகூட எழுந்து ஊத்தினேன். எருவும் போட்டேன்."

பிரான்சீனா திரும்பவில்லை. "எப்பலேருந்து ஊத்துறீங்க?"

"இவளை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்த நாள்லேருந்து."

அவள் கத்தியை மண்ணில் குத்தி, டப்பாவைக் கவிழ்த்தாள். மண் கட்டியாக வந்து விழுந்தது. நடுவில் பழுப்பாக ஏதோ நசநசவென்று பிதுங்கியது. மூட்டையின் அடியில் மறந்துபோன வெங்காயம் மாதிரி நாற்றம். இன்னொரு டப்பாவைக் கவிழ்த்தாள். அதுவும் அப்படியே.

"என்ன பூச்சியா?" என்று காரெல் கேட்டார்.

"அண்ணே," என்றாள் பிரான்சீனா. குரல் இறங்கிவிட்டது. "டிசம்பர்லேருந்து பூக்குற வரைக்கும், வெயில் காலம் பூரா இது தூங்கும்ணே. ஒரு சொட்டு காட்டக் கூடாது. இலை காஞ்சு விழுந்ததும் அக்கா இந்தப் பக்கம் வாளியையே கொண்டுவர விடமாட்டா. என் பிள்ளைங்க ஒரு தடவை விளையாட்டுக்கு ஊத்திட்டு வாங்கின அடி இருக்கே! உங்களுக்குத் தெரியாதா?"

எப்படித் தெரியும்? முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனுசன். ஊருக்கு வருவது வருடத்தில் இரண்டே தடவை, கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள், ஈஸ்டருக்கு நாலு நாள். வேலையை விட்டு நிரந்தரமாக வந்து சேர்ந்ததே ரகீல் விழுந்த அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான்.

"நான் டிசம்பர்ல வர்றப்ப வெறும் மண்ணு," என்றார். கை விரித்து டப்பாக்களைக் காட்டினார். "ஈஸ்டருக்கு வர்றப்ப பூ. அவளைக் கேலிகூடப் பண்ணுவேன், மண்ணை வளக்குறியான்னு. அப்போ நடுவுல, நடுவுல இவ தண்ணி ஊத்தி, எதாவது பண்ணித்தானே..."

"நடுவுல ஒண்ணும் பண்ண மாட்டாண்ணே. நடுவுல சும்மா விடணும். அவ்வளவுதான்."

காரெல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிரான்சீனா மூன்றாவது டப்பாவைக் கவிழ்க்கப் போனவள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிக்கொண்டு வந்தது.

"தட்டினா," என்றார்.

"யாரு?"

"ரகீல். கரண்டியால கட்டில்ல தட்டுவா. தினமும் தட்டுவா. நான் இங்கே ஊத்துறப்ப, அந்த நேரத்துல மட்டும்." ஜன்னலைக் காட்டினார். ஐந்தடி தூரம்கூட இருக்காது. "தாகம்னு நினைச்சேன் பிரான்சீனா. தாகம்னு நினைச்சு அவளுக்குத் தண்ணி குடுத்தேன்."

பிரான்சீனா மண் அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு மாசம்," என்றார் காரெல். "மூணு மாசமும் படுத்துக்கிட்டு இந்தத் தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்காளே, பாவி மக."

"விடுங்கண்ணே. வேணும்னா செஞ்சீங்க? அக்காவுக்குத் தெரியாதா உங்களை?"

"திட்டக்கூட முடியலையே அவளால!"

பிரான்சீனா அடுத்த டப்பாவைக் கவிழ்த்தாள். இரண்டு பேருமாக இருபத்திரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு கிழங்காவது கெட்டியாக இருக்காதா என்று காரெல் சகதியை விரலால் பிசைந்து பிசைந்து தேடினார். எதுவும் இல்லை. உள்ளேயிருந்து எஸ்மே, "அப்பா, கோட்டு தேய்ச்சு வெச்சிருக்கேன், வந்து போடுங்க," என்று கூப்பிட்டாள். பத்து மணிக்கு முதல் மணி அடித்தார்கள்.

கோயிலில் பெட்டியின் மேல் வெறுமையாக இடம் விட்டிருந்தார்கள். போதகர் குனிந்து, "ரகீலோட வெள்ளைப் பூ?" என்று மெதுவாகக் கேட்டார். காரெல் வாயைத் திறந்தார். நான்தான் அழித்தேன் என்று சொல்லிவிட வேண்டும், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். நாக்கு எழவில்லை. பிரான்சீனா முந்திக்கொண்டு, "இந்த வருஷம் வரலைங்க," என்று சொல்லி, தன் வேலியிலிருந்து வெட்டிவந்த ரோஸ் பூக்களை அந்த இடத்தில் வைத்தாள். சனங்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவள் கை படாததால் பூக்கவில்லை, செடிக்குத் தெரியும் பாருங்கள் என்று பின்னாலிருந்து ஒரு கிழவி உருகினாள். காரெல் அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

கல்லறைத் தோட்டத்தில் வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். இந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுப்பதில்லை. பாதைக்கு இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். அது அந்தக் காலத்துப் பாதிரிமார் வைத்த வழக்கம். ரகீலைப் பெண்கள் பக்கம் ஒரு மூலையில் இறக்கினார்கள். முறை வந்தபோது காரெலும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். மண் வறண்டு, பொடியாக, விரலிடுக்கில் வழிந்தது. நல்ல காய்ந்த மண்.

அப்போதுதான் அவருக்கு அந்த இடது கை ஞாபகம் வந்தது. ஜன்னலோரத்து டப்பா. தினமும் அவள் கையால் மூடிக் காத்த டப்பா. அதற்குள் ஒரு சொட்டுக்கூடப் போக விட்டதில்லையே!

ஜெபம் முடிந்ததோ இல்லையோ, கைகொடுக்க வந்தவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு நடந்தார். அறுபத்தாறு வயது மனுசன் கோட்டும் சூட்டுமாக இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனதைப் பார்த்து, துக்கம் தாங்காமல் போகிறார் என்று விட்டுவிட்டார்கள். எஸ்மே மண் போட்ட கையோடு முன்னாலேயே வந்து பந்தி வேலையில் இருப்பது வீட்டை நெருங்கும்போதே தெரிந்தது. தட்டுகளின் சத்தம் கேட்டது. மாதுளைச் சிவப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

நேராக அறைக்குப் போனார். கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஜன்னல் கட்டை பளபளவென்று துடைத்து வைத்தபடி வெறுமையாக இருந்தது.

"எஸ்மே! இங்கே ஒரு டப்பா..."

"என்னப்பா? பின்னாடி இருக்கேன், வாங்க."

பின்வாசற்படியில் எஸ்மே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த டப்பா. அதையும் தேய்த்துக் கழுவி, பழைய பெயிண்ட் கறையெல்லாம் போக்கியிருந்தாள். மறு பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு.

"இதையா தேடுறீங்க? அறையைக் கழுவுறப்ப எடுத்து வெளியே வெச்சுட்டாங்கப்பா. நல்லவேளை நான் பாத்தேன். வியாழக்கிழமை பாக்குறப்ப மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. அம்மா கைல வெச்சிருந்ததுன்னு கழுவ வந்த பொம்பளைங்க சொன்னாங்களா, எனக்கு மனசே கேக்கலை. அன்னிலேருந்து நானே காலைல சாயங்காலம் ஊத்திட்டு வரேன். நீங்க இருக்கிற நிலைமைல உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு விட்டேன்." அவள் கண் மின்னியது. டப்பாவை அவர் பக்கம் சாய்த்தாள். "இங்கே பாருங்களேன், தண்ணி ஊத்தினதும் என்ன வந்திருக்குன்னு!"

கருத்த ஈர மண்ணின் நடுவில், சுண்டு விரல் நகம் அளவுக்கு, வெளிர்பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

காரெல் படியில் உட்கார்ந்தார்.  அது பிழைக்குமா, அடியில் ஏற்கெனவே கொழகொழத்துவிட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரிந்த ஒருத்தி இப்போதுதான் மண்ணுக்குள் போயிருந்தாள்.

"நாளைக்கு ஈஸ்டர்ப்பா. இன்னும் கொஞ்சம் ஊத்தினா வளந்துடும் இல்ல?" என்று எஸ்மே செம்பைத் தூக்கினாள்.

அவர் கை தானாக நீண்டு டப்பாவின் வாயை மூடியது. உள்ளங்கையில் அந்த முனை லேசாகக் குத்தியது. சொல்ல வேண்டும். ஊற்றாதே என்று ஒரு வார்த்தை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் மூன்று மாதத்தையும் சொல்ல வேண்டும். மகள் மூன்று நாளாக ஊற்றியதையும் சொல்ல வேண்டும்.  உதடு அசைந்தது. "ம்..." என்ற சத்தம்தான் வந்தது.

எஸ்மே செம்பைப் பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப்பா? தாகமா?"

காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து வந்து, ஒரு கையால் அப்பாவின் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டு, செம்பை அவர் உதட்டில் வைத்தாள்.

காரெல் வாயை இறுக மூடிக்கொண்டார். தண்ணீர் மோவாயில் வழிந்து, தேய்த்த கோட்டின் மேல் சொட்டியது. டப்பாவிலிருந்து கையை எடுக்கவில்லை.